சிகா க்ரீமைக் காயத்தில் தடவும் முன்

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்கு மருந்துக்கடை. வெட்டுக்காயத்துக்கு இங்கே பஞ்சமே கிடையாது. தோல் பட்டறையில் தோல் சீவும் கத்தி விரலைப் பதம் பார்த்திருக்கும், தையல் மிஷின் ஊசி நகத்தில் இறங்கியிருக்கும், விடியற்காலையில் இட்லிப் பானையைத் திறந்த கையை ஆவி அடித்திருக்கும். முன்பெல்லாம் "அக்கா, ஏதாவது ட்யூப் குடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது ட்யூபை அவர்களே கொண்டு வருகிறார்கள். மேலே பச்சை இலைப் படம், சீன எழுத்தோ கொரிய எழுத்தோ, பெரிதாக 'சிகா' என்று ஒரு பெயர். "சைனா மூலிகையாம், காயம் சட்டுனு ஆறுமாம். போடலாமா?"

அந்த இலைப் படத்தைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் யாரானாலும் சொல்லிவிடுவார்கள், அது வல்லாரை. திருநெல்வேலிப் பக்கம் துவையல் அரைப்போம். சீன மருத்துவத்தில் அதற்கு ஜி ஷுவே சாவ் என்று பெயர். அங்கே மிகப் பழைய மூலிகை நூல்களிலேயே அது இருக்கிறது. அடிபட்ட வீக்கம், கட்டி, புண் எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிறார்கள். தாவரவியல்காரர்கள் வைத்த பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. சிகா என்பது தழும்பைக் குறிக்கும் 'சிகாட்ரிக்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த சுருக்கம் என்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயம் திறந்திருக்கும்வரை அந்த ட்யூப் வேண்டாம். தோல் மூடிய பிறகு ஆசைப்பட்டால் போடலாம், கெடுதல் வர வாய்ப்பு குறைவு, நன்மையும் கொஞ்சமாகத்தான் இருக்கும். எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு வேறொரு மூலிகையை யாராவது நீட்டினாலும் நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீர்

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே தூக்கிப் பார்க்காதீர்கள், பார்க்கிறவரைக்கும் நிற்காது. அப்புறம் தண்ணீர். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதும். சலைன் என்ற சுத்தமான உப்புநீர் வாங்கித்தான் கழுவ வேண்டும் என்பதில்லை. இரண்டையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழுவினர், குழாய்த் தண்ணீரால் கிருமித்தொற்று கூடியதாகக் காணவில்லை. ஆனால் நம் பகுதியில் குழாயில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம்தான், மிச்ச நேரமெல்லாம் டிரம். டிரம் தண்ணீர் வேண்டாம், குடிக்க வைத்திருக்கும் குடத்திலிருந்து மொண்டு தாராளமாக ஊற்றுங்கள். தோல் ஒட்டும் சொல்யூஷன் பசை படிந்த கையாக இருந்தால் சுற்றிலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஸ்பிரிட், டிங்சர், காபித்தூள் எதுவும் உள்ளே போக வேண்டாம். ஆவி அடித்த கை என்றால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். அந்த 20 நிமிடத்துக்குப் பதிலாகப் பற்பசை தடவிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கழுவிய பிறகு மெல்லிசாக வாசலின் தடவி, பிளாஸ்திரி ஒட்டி, தினமும் மாற்றுங்கள். "காத்தாட விட்டாத்தானே காயும்?" என்று கேட்பார்கள். காயும்தான், ஆனால் காய்வது வேறு ஆறுவது வேறு. 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார், சிலவற்றைத் திறந்து விட்டார். மூடி ஈரமாக இருந்த இடத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்குக் கட்டினால் புதுத் தோல் அதற்கு அடியில் வழி தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

வாசலினுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை? 1996-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் தோலில் சிறு அறுவை செய்துகொண்ட 900-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு, இன்னொரு பக்கத்துக்கு வெறும் வாசலின். தொற்று வந்தவர்கள் வாசலின் பக்கம் 2 சதவீதம், ஆன்டிபயாடிக் பக்கம் 0.9 சதவீதம், கணக்கியல்படி அது பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. தோல் ஒவ்வாமை வந்தவர்களோ ஆன்டிபயாடிக் பக்கம் மட்டும்தான். ஆகவே எந்த மூலிகையானாலும் அது ஜெயித்துக் காட்ட வேண்டியது வாசலினை. ஒன்றும் போடாத காயத்தோடு ஒப்பிட்டு "பாருங்கள் ஆறிவிட்டது" என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சின்னக் காயம் எப்படியும் ஆறத்தான் போகிறது. அந்த வாரம் நீங்கள் கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிறுக்குக்கூட அந்தப் பெயர் போய்ச் சேரலாம்.

ஆதாரத்தை எப்படி எடை போடுவது

யாராவது "ஆராய்ச்சியில் நிரூபிச்சிருக்காங்க" என்றால் நான் கேட்பது இவைதான்: எதன் மேல் சோதித்தார்கள், எதைத் தடவினார்கள், எதோடு ஒப்பிட்டார்கள். வல்லாரை விஷயத்தில் மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அந்த வகையில் இது மற்ற பல மூலிகைகளைவிட நல்ல நிலையில்தான் இருக்கிறது.

முதலில், எதைத் தடவினார்கள். இலையை அல்ல. இலையிலிருந்து பிரித்தெடுத்த ஏசியாட்டிகோசைட், மேடகசோசைட் போன்ற பொருட்களை. 1940-களிலேயே மடகாஸ்கரில் பிரெஞ்சுக்காரர்கள் ஏசியாட்டிகோசைடைப் பிரித்துத் தொழுநோய்ப் புண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வந்த களிம்புகளில் இருப்பது அளவு நிர்ணயித்த சாறு: அதில் 40 சதவீதம் ஏசியாட்டிகோசைட், மீதியில் பெரும்பகுதி ஏசியாட்டிக் அமிலமும் மேடகாசிக் அமிலமும். வயலில் முளைத்த வல்லாரையில் இந்தப் பொருட்களின் அளவு ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும்.

எதன் மேல் சோதித்தார்கள் என்று பார்த்தால், பெரும்பகுதி கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களும் எலிகளும். கிண்ணத்தில் இருந்த தோல் செல்கள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை அதிகம் உண்டாக்கின. நம் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. கினிப்பன்றிகளின் காயத்தில் 0.2 சதவீத ஏசியாட்டிகோசைட் கரைசலைத் தடவினார்கள். கொலாஜனுக்கு அடையாளமான ஹைட்ராக்சிபுரோலின் 56 சதவீதமும், ஆறிய தோலின் இழுவலிமை 57 சதவீதமும் கூடின. நல்ல வேலை. ஆனால் விளம்பரத்தில் வரும் எண்கள் பல இந்த வகை ஆய்வுகளிலிருந்து வருபவைதான். உங்கள் விரலுக்கு அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொள்ள முடியாது. எலி, கினிப்பன்றி போன்ற பிராணிகளின் தொளதொளத் தோல் பெரும்பாலும் சுருங்கி மூடிக்கொள்ளும், நம் தோலுக்கு அந்த வசதி குறைவு.

மனிதர்களிடம் செய்ததும் உண்டு. தாய்லாந்தில் நீரிழிவுக்காரர்களின் புண்ணுக்கு வல்லாரைச் சாறு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 2010-ல் வெளிவந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புண் நன்றாகச் சுருங்கியது. அது விழுங்கிய மருந்து, தடவியது இல்லை. ஈரானில் 2017-ல் 75 தீக்காயக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு வல்லாரைக் களிம்பு, மற்றவர்களுக்குத் தீக்காயத்துக்கு வழக்கமாகப் போடும் வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு. வல்லாரைப் பக்கம் முந்திக்கொண்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இங்கேதான் மூன்றாவது கேள்வி வேலை செய்கிறது: எதோடு ஒப்பிட்டார்கள்? வெள்ளி சல்ஃபாடயசின் தீக்காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். மெதுவாக ஓடுகிறவனைத் தோற்கடித்ததை வைத்து நீங்கள் எவ்வளவு வேகம் என்று நான் எப்படிச் சொல்வது?

எனக்கு மிகவும் பிடித்தது தாய்லாந்தில் இருந்தே 2020-ல் வந்த இன்னொரு சிறிய ஆய்வு. பருத் தழும்புக்கு லேசர் செய்துகொண்ட 30 பேர். ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு பாதிக்கு 0.05 சதவீத வல்லாரைச் சாறு ஜெல், மறு பாதிக்கு மருந்தில்லாத ஜெல். அதே முகம், அதே வயது, அதே சாப்பாடு, அதே வெயில். ஒப்பிடுவதற்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. வல்லாரை போட்ட பாதியில் சிவப்பு கொஞ்சம் சீக்கிரம் இறங்கியது. கொஞ்சம்தான். அதுவும் ஆஸ்பத்திரியில் சுத்தமாகச் செய்த லேசர்க் காயம். தோல் பதனிடும் ரசாயனம் பட்ட கத்தியால் வந்த காயத்தில், வாசலினுக்கு எதிரே நிறுத்தி, வல்லாரையைச் சோதித்த நல்ல ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை.

இதனால்தான் திறந்த காயத்துக்கு வேண்டாம் என்கிறேன். ஆறுவதை விரைவுபடுத்தும் என்ற நம்பிக்கை சிறியது. க்ரீமில் உள்ள வாசனை, எண்ணெய், பதப்படுத்தி எல்லாம் பச்சைக் காயத்துக்குள் போகும் என்பதோ நிச்சயம்.

மஞ்சள் வழக்கு

இதைச் சொன்னால் யாராவது ஒருவர் மஞ்சளை இழுப்பார். "அமெரிக்காக்காரனே பேடன்ட் வாங்கப் பார்த்தான், நாமதான் தடுத்தோம், அப்ப வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காயம் ஆற்ற மஞ்சள் என்று பேடன்ட் கிடைத்தது உண்மை. நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து, 1997-ல் அது ரத்தானதும் உண்மை. ஆனால் அங்கே நிரூபித்தது, இது எங்களுக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும்தான். மஞ்சள் காயத்தை எவ்வளவு ஆற்றும் என்பது அந்த வழக்கில் விசாரணைக்கே வரவில்லை. 2000 வருஷமாகச் சீனாவில் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அதே ரகம். சோதித்துப் பார்க்கத் தகுந்தது என்று காட்டுகிறது, அதற்கு மேல் போவதில்லை.

பச்சை இலையை அரைத்துக் கட்டலாமா?

கூடாது. மாட்டுங்கா மார்க்கெட்டில் தென்னிந்தியக் காய்கறிக் கடைகளில் வல்லாரைக் கட்டு கிடைக்கும், இங்கே சிலர் அதையே பிராமி என்று கேட்டு வாங்குவார்கள். வாங்குங்கள், துவையல் அரையுங்கள். காயத்தில் வைக்காதீர்கள். வல்லாரை தரையோடு தரையாக ஈரத்தில் படர்கிற கொடி. மண் ஒட்டாமல் வராது. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருப்பது அந்த மண்ணில்தான். துருப்பிடித்த ஆணியைக் கண்டால் ஓடுகிறோம், மண்ணோடு அரைத்த பச்சிலையை அம்மியிலிருந்து எடுத்து நாமே அப்பிக்கொள்கிறோம். போதாததற்கு மும்பையில் ரயில் பாதை ஓரமாகச் சாக்கடைத் தண்ணீரில் கீரை விளைவதை லோக்கல் ட்ரெயினில் போகிற எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். எந்தக் கட்டு எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

சின்ன பாட்டிலில் வரும் பொடி

சிகா க்ரீமைவிட என்னைக் கவலைப்படுத்துவது இது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பியோ மச்சானோ கொண்டுவந்து கொடுத்த யுன்னான் பாய்யாவ். 1902-ல் சூ ஹுவான்ஜாங் என்ற யுன்னான் மாகாணத்து வைத்தியர் செய்த ரத்தம் நிறுத்தும் பொடி, சீனாவில் பெரும் புகழ். அதில் முக்கியச் சரக்கு சான்சி என்ற ஜின்செங் இனத்து வேர் என்பது தெரியும், முழுப் பக்குவம் அங்கே அரசு ரகசியம். ரகசியச் சரக்கை எப்படி எடை போடுவது? என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, ஒரு ஆய்வில் சோதித்ததும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்றே சொல்ல முடியாது.

2013-ல் ஹாங்காங் சுகாதாரத் துறை இந்த மருந்துகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது, லேபிளில் சொல்லாத அகோனைட் நஞ்சு இருந்ததற்காக. நம் சித்த வைத்தியத்தில் வசநாபி என்று சொல்லிப் பயந்து பயந்து சுத்தி செய்வார்களே, அதன் நெருங்கிய உறவு. உடலுக்குள் போனால் உதடு மரத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகும். தோல் கிழிந்த இடத்தில் தூவினால் உள்ளே போவது சுலபம். பாட்டிலைத் திறந்தால் பஞ்சோடு ஒரு சிவப்பு உருண்டையும் இருக்கும். பலத்த அடிக்கு அதைச் சாராயத்தோடு விழுங்குவது அவர்கள் வழக்கம். நீங்கள் விழுங்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டும்படியும் வைக்காதீர்கள், மிட்டாய் மாதிரியே இருக்கும்.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது

சரி, தோல் மூடிவிட்டது, சிவப்பும் தடிப்பும் மட்டும் இருக்கிறது, சிகா போட்டே தீருவேன் என்கிறீர்கள். பெட்டியைத் திருப்புங்கள். இறக்குமதி செய்த அழகுசாதனம் என்றால் இந்தியச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பெட்டி எந்த வழியாக வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அழகுசாதனம் என்ற சொல்லையும் கவனியுங்கள். இந்த ட்யூப்களில் பல மருந்து என்ற உரிமத்தில் விற்பவை அல்ல. காயத்தை ஆற்றும் என்று நிரூபித்துக் காட்டிய பிறகுதான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்குக் கிடையாது.

சரக்குப் பட்டியலில் அதிக அளவில் இருப்பது முதலில் வரும். இலைப் படம் பெட்டியில் பாதியை அடைத்திருக்கும், பட்டியலில் வல்லாரை கடைசியில் வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும். ஏசியாட்டிகோசைட், மேடகசோசைட் என்று தனித்தனியாக, சதவீதத்தோடு போட்டிருந்தால் கொஞ்சம் நேர்மையான சரக்கு. வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். அதே சாறு உள்ள இந்தியக் களிம்பு கிடைத்தால் அதுவும் போதும், சீன எழுத்துக்குத் தனி சக்தி இல்லை.

முழங்கையின் உள்பக்கம் நல்ல தோலில் பட்டாணி அளவு, காலையும் இரவும், ஒரு வாரம் தடவிப் பாருங்கள். வல்லாரையால் ஒவ்வாமை வருவது அபூர்வம், ஆனால் வந்தவர்கள் உண்டு. அரிப்பு, பொரிப்பு வந்தால் ட்யூபைத் தூக்கிப் போடுங்கள். வல்லாரை மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்டால், வேண்டாம். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. ஒரு சின்னத் தழும்புக்காக அந்த ஆபத்து எதற்கு?

ட்யூபைத் தொடவே வேண்டாத காயங்கள்

நாய், பூனை, குரங்கு கடித்தாலோ கீறினாலோ அது சிறு காயமே இல்லை. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, எதையும் தடவாமல், கட்டாமல், நேராக சயான் ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் ஊசி போடுங்கள். வாய் பிளந்து நிற்கும் வெட்டு, விரல் மரத்துப்போவது, ஆழமாகக் குத்திய ஊசி, உள்ளே ஏதோ தங்கிவிட்ட காயம், முகத்தில் தீக்காயம் எல்லாம் டாக்டருக்கு. நாள் போகப்போக வலி கூடுவது, சிவப்பு பரவுவது, சீழ், காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. சர்க்கரை உள்ளவர்கள் காலில் வரும் எந்தக் காயத்தையும் சின்னது என்று நினைக்க வேண்டாம்.

டெட்டனஸ் ஊசி பற்றி ஒன்று. ஆறு மாதம் ஆனால் மறுபடி போட வேண்டும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். சிறு வயதில் முழுத் தவணையும் போட்டவர்களுக்குச் சுத்தமான சிறு காயம் என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 10 வருஷம், மண்ணோ அழுக்கோ ஏறிய காயம் என்றால் 5 வருஷம் தாண்டியிருந்தால் போதும் அடுத்தது. ஊசி போட்ட நினைவே இல்லை என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் கையிலேயே சோதிக்க

இவ்வளவு சொன்ன பிறகும் சந்தேகம் இருந்தால் அந்த 30 பேர் ஆய்வை உங்கள் கையிலேயே செய்துபாருங்கள், செலவு கிடையாது. தோல் முழுதாக மூடிய நீளமான தழும்பு வேண்டும். மேல் பாதிக்கு சிகா, கீழ் பாதிக்கு வாசலின், இரண்டு வேளையும் ஒரே அளவு. வெயிலில் போனால் இரண்டு பாதியையும் முழுக்கைச் சட்டையால் மூடுங்கள், புதுத் தழும்பு வெயில் பட்டால் கறுக்கும். வாரம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுங்கள். இரண்டு மாதம் கழித்து, எது எதற்கு என்று தெரியாத ஒருவரிடம் படங்களைக் காட்டி எந்தப் பாதி நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். நீங்களே தீர்ப்புச் சொன்னால் காசு கொடுத்து வாங்கிய ட்யூப்தான் ஜெயிக்கும். ஒரு தழும்பை வைத்து ஊருக்கே சொல்ல முடியாது, ஆனால் உங்கள் காசைத் தொடர்ந்து செலவழிக்கலாமா என்று முடிவெடுக்க அது போதும்.

இட்லி வியாபாரம் செய்யும் ஒரு அக்கா முன்கையில் சூடுபட்ட தழும்பில் இதைச் செய்தார். படங்களைக் கடைக்குக் கொண்டுவந்தபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற டீக்கடைத் தம்பிக்கும் தெரியவில்லை. அக்கா ஒரு சின்ன வாசலின் டப்பா வாங்கிக்கொண்டு போனார். மிச்சமிருந்த சிகாவை மகள் கல்லூரிக்குப் போகும்போது முகத்தில் போட்டுக்கொள்கிறாளாம்.